மாப்பிள்ளை கேட்டு வராத கண்மணி

மகன்,

சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். சாப்பிட்டாயா, நித்திரை கொள்கிறாயா, அந்த ஊர்ப் பொலிசில் பதிந்தாயா என்று தொலைபேசியில் கேட்டால் "ம்" என்பாய். இன்னொரு தரம் கேட்டால் "ம்ம்" என்பாய். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு ஒரு தாய் எத்தனை காலம் சீவிப்பது? அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுச் சின்னத்துரையர் கண் காட்டச் சென்னைக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழியில் அவர் பிரித்து வாசிப்பார் என்று எனக்குத் தெரியும், வாசிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கண்மணியும் அவளுடைய ஆட்களும் அவள் மகள் மேகலாவுக்கு மாப்பிள்ளை கேட்டுக் கிரானுக்குப் போகிறார்கள். கூடப் போக என்னையும் அழைத்திருக்கிறாள். அதைக் கேட்ட நேரம் தொடங்கி எனக்குத் தையலும் ஓடவில்லை.

இது உனக்கு ஏன் என்று கேட்பாய். கேட்காதே. நீ அனுப்பிய சிடியைப் பார்த்தபின் அந்தக் கேள்வியைக் கேட்க உனக்கு உரிமை இல்லை. எந்தக் கம்பெனியும் இல்லாமல், நீயும் உன் கூட்டாளிகளும் இரவல் கமராவை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படம் செய்துவிட்டீர்கள் என்று அப்பாவுக்குப் பெருமை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், பாட்டுமில்லை, சண்டையுமில்லை என்று கண்டதும் நித்திரையாகிப் போனார். நான் நித்திரை கொள்ளவில்லை. தைக்க வந்த துணி மடியில் அப்படியே கிடக்க, கண் வெட்டாமல் பார்த்தேன்.

நல்ல படம் மகன். பொய் சொல்லவில்லை. அந்த ஏழாம் மாடி வீடும், அதற்குச் சமைக்க வரும் பெண்ணின் கால்வாய்க்கரைக் குடிசையும், மழைக்கு அந்தக் குடிசையின் தறப்பாள் பொத்துக்கொண்டு ஒழுகுவதும் என் நெஞ்சைப் பிசைந்தன. அந்த மாடியில் ஏறிப்போக வீட்டுக்காரருக்கு ஒரு லிஃப்ட், வேலைக்காரருக்குப் பின்பக்கம் குப்பை வாளியோடு இன்னொரு லிஃப்ட் என்பதை நீ காட்டித்தான் நான் அறிந்தேன். அவ்வளவு பெரிய தேசம், அவ்வளவு உயரக் கட்டடம், புத்தி மட்டும் இவ்வளவா என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு என் வீட்டுப் பின்பக்கக் கடப்பை நினைத்துக்கொண்டு வாயை மூடினேன். நம் வளவுக்கும் இரண்டு வாசல் இருக்கிறதுதானே. நமக்குச் சோறு ஆக்க வந்த கண்மணி இத்தனை வருசத்தில் ஒருநாளாவது முன்வாசலால் வந்ததாக உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

அதுவரைக்கும் அது சென்னைக் கதைதான். அந்த வீட்டுப் பொடியனின் கண்ணாடி உடைகிற இடம் வந்ததும் எனக்குப் பகீர் என்றது. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு எழுத்துத் தெரியவில்லை. கதவில் ஒட்டிய நோட்டீசை அந்தப் பெண் வாசித்துக் காட்டுகிறாள். வேலையாட்கள் முன் லிஃப்டைப் பாவிக்கக் கூடாது என்கிற நோட்டீஸ். அதை அவள் வானொலியில் செய்தி வாசிக்கிற அம்மாவைப் போல நிறுத்தி, இழுத்து, ஏற்றி இறக்கி வாசித்துவிட்டு, "இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன" என்கிறாள். அவன் சிரிக்கிறான். அவள் சிரிக்காமல் நிற்கிறாள். அடேய், அந்தச் சிரிக்காத முகத்தை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியாதா?

கண்மணியின் ஊரான பழுகாமத்தில் இருந்து எடுத்தாய். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கண்மணி பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தாள், அதனால் தப்பினாள். நம் ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ போனார்கள். நமக்கு வீடு போய் ஆட்கள் மிஞ்சினோம். பாலம் தாண்டி ஓடி, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நனைந்த கோழிகளாக ஒடுங்கிக் கிடந்தோம். உன் கண்ணாடியைக் கடல் கொண்டுபோயிருந்தது. யார் வந்தாலும் "ஆரம்மா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாய். அங்கேதான் கண்மணி நம்மைத் தேடி வந்தாள். எத்தனை முகாம் ஏறி இறங்கினாளோ, எத்தனை சோதனைச் சாவடியில் நின்றாளோ, வந்ததும் அழவில்லை, ஏசினாள்.

"இஞ்ச என்ன செய்றீங்க அக்கா? எழும்புங்க, வீட்ட போவம்."

"வீடு எங்க புள்ள கிடக்கு? எல்லாம் போயிட்டுக் கா" என்று நான் அழுதேன்.

"எங்கட வீடு இரிக்குதானே" என்றாள். அவ்வளவுதான். எழும்பிப் போனோம்.

ஓர் அறையும் ஒரு குசினிக் கொட்டிலும் உள்ள மண்வீடு. அறையை நமக்குத் தந்துவிட்டுத் தாயும் மகளும் கொட்டிலில் படுத்தார்கள். அரசாங்கக் கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்த உன் அப்பா, ஷெல்லடியில் செத்துப்போன கண்மணியின் புருசனுடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு, கடப்படியில் வெறுங்காலோடு நின்றார். நான் அடுப்படிக்குப் போனால் "நீங்க இரிங்க அக்கா" என்று துரத்துவாள். ஆற்று மீனும் கீரையும், இருந்ததை எல்லாம் முதலில் நமக்குப் போட்டாள். இன்னொருத்தி வீட்டில் சும்மா இருந்து சாப்பிடுவது எவ்வளவு கூச்சம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீ மட்டும் கூச்சப்படவில்லை. சோதனைக்குப் படிக்க வேண்டும், எழுத்துத் தெரியவில்லை என்று முணுமுணுத்தாய். மேகலா புத்தகத்தைப் பறித்து உன் பொருளியல் பாடத்தைச் செய்தியாக வாசித்தாள். கேள்வி, நிரம்பல், பணவீக்கம், இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன. அந்த நாட்களில், அவ்வளவு சாவுக்குப் பிறகு, முதன்முதல் நீ சிரித்ததை நான் அந்த வீட்டு முற்றத்தில்தான் கேட்டேன்.

பிறகு காலம் கிறுகித் திரும்பியது. நாம் கல்லடியில் மறுபடி வீடு கட்டினோம். பழுகாமம் இருக்கிற அந்தக் கரையில் சண்டை மூண்டு, சனமெல்லாம் பொட்டலமும் பிள்ளையுமாக வாவியைத் தாண்டி இந்தக் கரைக்கு ஓடி வந்தபோது, கண்மணியும் மகளும் நம் வீட்டுக்கு வந்தார்கள். பின்கடப்பால்தான் வந்தார்கள். முன்னறையைத் திறந்துவிட்டேன். "எனக்கு அங்க நித்திரை வராது அக்கா" என்று சொல்லி அடுப்படியில் பாயைப் போட்டாள். நான் எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை. நீயோ, தண்ணீர் குடிக்கவென்று அடுப்படிக்குப் போவாய். திரும்பி வருவாய். மறுபடியும் போவாய். ஒரு மனிசனுக்கு அப்படியும் ஒரு தாகமா? எனக்கு விளங்காமலில்லை. விளங்கி, சந்தோசப்பட்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஏன் திறக்கவில்லை என்பதைச் சொல்கிறேன் கேள். உன் படத்தில் பொடியனின் தாய் நகைக்காரர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போகிறாள். அது அந்த ஊர் முறை. நம் ஊரில் பெண் வீட்டார்தான் பலகாரமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை கேட்டு வர வேண்டும். வீடு பெண்ணுக்கு, போய் இருக்கிறவன் ஆண். ஆண்பிள்ளை வீட்டார் தாமாக எழும்பிப் போய்க் கேட்டால், பொடியனில் ஏதோ பழுது என்று ஊர் நினைக்கும். அதனால் நான் காத்திருந்தேன். கண்மணி கேட்டு வருவாள், வந்தால் ஓம் என்று சொல்லுவேன் என்று மனதுக்குள் முடிவு கட்டி வைத்துக்கொண்டு ஒரு ராணியைப் போலக் காத்திருந்தேன். சாதியும் வேறில்லை, தாய்வழிக் குடியும் பொருத்தமான வேறு குடி, தடையென்று என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நீ சென்னைக்குப் போனாய். சண்டையும் முடிந்தது. அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மேகலா பாலர் பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கினாள். கண்மணி வரவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் கோபமும் வந்தது தெரியுமா? என் பிள்ளையில் என்ன குறை கண்டாள் இவள் என்று தையல் மெசினோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை வந்தாள். மேகலாவும் வந்தாள். பின்கடப்பால் வந்து, அடுப்படித் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"கிரான்ல ஒரு பொடியன் அக்கா. உழவு மெசின் ஓட்டுறான். வட்டைக்குள்ள கொஞ்சம் வயல் காணியும் இரிக்கு. குடி வெறி ஒண்டும் இல்லயாம். எங்கட வீட்டுக்கு ஓடும் போட்டாச்சி. இனி என்னத்துக்குச் சுணங்கணும்? நீங்க முன்னுக்கு வந்து நிண்டா எனக்கு ஒரு பெலம்."

தேத்தண்ணி போடுகிறேன் என்றேன். கண்மணி என்னை விலக்கிவிட்டுத் தானே கேத்தலை வைத்தாள். எனக்கு என்ன பிசாசு பிடித்ததோ, மேகலாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உன் சிடியைப் போட்டேன். கதிரையில் இருக்கச் சொன்னேன், கீழே இருந்தாள். அப்பா அன்றைக்கும் நித்திரைதான்.

குடிசையைக் காட்டியபோது அவள் இன்னும் கிட்ட நகர்ந்து இருந்தாள். தறப்பாள் ஒழுகியபோது, "முடிச்ச மேல போட்டா ஒழுகாது" என்றாள். நோட்டீஸ் வாசிக்கிற இடம் வந்தது. அவள் முதுகு நிமிர்ந்ததை நான் கண்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இவ வாசிக்கிறது சரியில்ல. நான் இப்பிடி இழுத்து வாசிக்கல்ல."

"நீயா? அது சென்னைப் புள்ள கா" என்றேன் நான், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

அவளுக்குக் காது சிவந்து போயிற்று. படம் முடியும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் உன் கதாநாயகி ஒன்றும் பேசாமல் பின் லிஃப்டுக்குள் போகிறாள், கதவு மூடுகிறது, பொடியன் வெளியே நின்று அழுகிறான். அதைப் பார்த்துச் சனம் கைதட்டியதாக நீ சொன்னாய். மேகலா கைதட்டவில்லை. எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் போனேன்.

"என்ன புள்ள, படம் நல்லமில்லையா?"

"நல்லம்" என்றாள். காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அவன் அழுறான், தாய் கத்துறா, வாசல் வாச்சரும் கதைக்கிறான். அவளிட்ட மட்டும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. அவளுக்கும் வாய் இரிக்குத்தானே?"

"உனக்குக் கிரான் பொடியனப் புடிச்சிருக்கா?"

"நல்லவராம். அம்மா சொன்னா."

"என்ட மகன?" என்று கேட்டேவிட்டேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அவர் கேக்கட்டும். படத்தில கேக்காம, என்னட்டக் கேக்கட்டும்."

மகன், நீ ஊரெல்லாம் கைதட்ட ஒரு பெண்ணின் ஏக்கத்தைப் படம் பிடித்தாய். அது உன்னுடைய ஏக்கமும்தான், எனக்குத் தெரியும். ஆனால் அவளுடைய முகத்தை எடுத்தாய், குரலை எடுத்தாய், ஏழ்மையைக்கூட வேறு ஊரில் கொண்டுபோய் வைத்தாய், அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சின்ன வயதில் உனக்கு ஆயிரம் தரம் சொன்னேன். உனக்கு வாய் இல்லாமல் போனது என்னால்தான் போலிருக்கிறது, நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள்தானே.

நான் அடுப்படிக்குத் திரும்பினேன். கண்மணி தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் சொன்னேன்: "கிரானுக்குப் போகாத கண்மணி. எங்கட வீட்டுக்குக் கேட்டு வா." அவள் திடுக்கிடவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. எத்தனையோ நாளாக இதை யோசித்து, யோசித்து முடித்து வைத்தவள் போல என்னைப் பார்த்தாள்.

"உங்கட வீட்டுக்கு நான் எந்த வாசலால வாறது அக்கா?" என்றாள். "பின்கடப்பால வந்தா மாப்பிள்ள கேட்டு வந்ததெண்டு ஆரு நம்புவாங்க? முன்வாசலால பலகாரத்தோட ஏறினா, உங்கட சொந்தக்காரங்களே, அடுப்படி அங்கால எண்டு கை காட்டுவாங்க. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசப்பட்ட கதையாப் போயிரும். அதோட உங்கட மகன் இன்னும் ஒரு வார்த்த சொல்லல்ல. என்ட புள்ளைக்கு ஆச காட்டி மோசம் செஞ்சிராதீங்க. கிரானுக்கு வாறதெண்டா வாங்க, வராட்டியும் கோவமில்ல."

தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு, கோப்பை கழுவவும் நின்றாள். வேண்டாம் என்று பிடுங்கினேன். இரண்டு பேரும் ஒரு கோப்பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றோம், பைத்தியக்காரிகள் மாதிரி. நான் அவள் வருவாள் என்று காத்திருந்தேன். அவள், நான் கூப்பிட்டாலும் வர ஒரு வாசல் இல்லை என்று தெரிந்துகொண்டு அத்தனை வருசமும் என் வீட்டில் சோறு ஆக்கியிருக்கிறாள். அவள் போனபிறகு நான் குந்தியிருந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்கதான் வரணும். நாம போனா ஊர் என்ன சொல்லும்? கச்சேரில வேல செஞ்ச மனிசன் பொம்பிள தேடிப் பழுகாமத்துக்குப் போறானாம் எண்டு சிரிப்பாங்க" என்றார். "நீங்க பழுகாமத்துக்குப் போன மனிசன்தான். கட்டியிருந்த சாரம் ஆருட எண்டு மறந்து போச்சா?" என்றேன். பின்னேரம் முழுக்க முற்றத்தில் நடந்தார். பொழுதுபட வந்து, "அவன் முதல்ல வாயைத் துறக்கட்டும்" என்றார். உன் அப்பாவிடமிருந்து இதற்குமேல் ஒரு சம்மதம் கிடைக்காது.

இப்போது எனக்கு இருக்கிற பயங்களைச் சொல்கிறேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். படம் வேறு, வாழ்க்கை வேறு அம்மா என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயம். அங்கே உனக்கு வேறு யாரும் இருக்கிறார்களோ என்று பயம். இருந்தால் சொல், நான் ஏசமாட்டேன், அழுதாலும் உனக்குத் தெரியாமல் அழுவேன். ஏழைப் பெண் என்ற இரக்கத்தில் ஓம் சொல்லிவிடுவாயோ என்பது எல்லாவற்றிலும் பெரிய பயம். இரக்கப்பட்டு அவளைக் கட்டாதே. உனக்குத் தின்ன இல்லாதபோது தன் சட்டியில் இருந்ததைப் போட்ட வீட்டுக்கு நீ இரக்கம் காட்ட உனக்கு என்ன தகுதி? கட்டினால் நீ அந்த வீட்டுக்குப் போகிறவன். அவள் வீடு, அவள் கதவு, அவள் அடுப்பு. அதற்கு மனம் இருந்தால் மட்டும் வா. அந்தக் கிரான் பொடியனைப் பற்றியும் நான் ஆட்களிடம் பேச்சுக் கொடுத்து விசாரித்துவிட்டேன். நல்லவன், மகன். கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு அந்தரம் இருக்காது. நீ ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக நிற்க, அவள் கையில் வந்த நல்ல வாழ்வைத் தட்டிவிடும் பாவத்தை நான் செய்யமாட்டேன்.

ஆகவே கேள். மேகலாவிடம் இப்போது கைத்தொலைபேசி இருக்கிறது, நம்பரைக் கடித உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். கடிதம் கிடைத்ததும் அவளுக்குத் தொலைபேசி எடு. கமராவுக்குப் பின்னால் நிற்காமல், கதை சொல்லாமல், "ம்" என்று இழுக்காமல், உனக்கு விருப்பமா என்று கேள். அவள் மாட்டேன் என்றால் அதையும் ஒரு மனிசனைப் போலக் கேட்டுக்கொள். ஓம் என்றால் எனக்கு உடனே சொல். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சிரிக்கிறவன் சிரிக்கட்டும், மாப்பிள்ளையின் தாய் பலகாரப் பெட்டி சுமந்து பழுகாமத்துக்குப் பெண் கேட்டுப் போன கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கட்டும்.

நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நான் கிரானுக்குப் போவேன். கண்மணிக்கு முன்னுக்கு நின்று, அந்தப் பொடியனின் தாயிடம் மேகலாவைப் பற்றி வாயாரப் புகழ்ந்து, அவளை அவனுக்குக் கேட்டுக் கொடுத்துவிட்டு வருவேன். உன் படத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன். மாவு இடித்தாயிற்று. அரியதரமும் முறுக்கும் எப்படியும் நான்தான் சுடப்போகிறேன். வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெட்டியோடு ஒரு வீட்டுப் படி ஏறுவேன். எந்த வீடு என்பதை மட்டும் நீ சொல்லு.

உன் அம்மா